பால்மரக்காட்டில் பூ கேட்கப் போனது

அந்த வருடக் கடைசியில் மழை பிடித்த பிடியை விடவேயில்லை. வெயிலைப் பார்த்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரவாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தபோது, எனக்குப் படுக்கையைத் தவிர வேறு நினைப்பில்லை. என் வீட்டுக்காரர் தலைசீவி, சட்டை மாற்றி, கார் சாவியோடு வாசலில் நின்றார்.

"தோட்டத்துக்குப் போய்ட்டு வந்துருவோம் லா. இன்னிக்கு விட்டா முடியாது."

செவ்வாய்க்கிழமை அவருக்கு இருதயத்தில் ஆப்பரேஷன். ஏற்கெனவே இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்த மனுஷன். இனியும் தள்ளிப்போட்டால் என்னால் ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இவரோ, பிறந்த தோட்டத்து முனியாண்டியிடம் பூ கேட்காமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சாமிக் கல்லின் தலையில் பூவை வைத்து, மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். வலது பக்கம் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அவர் வீட்டில் கல்யாணம், வேலை, லோரி வாங்கியது எல்லாமே இப்படிக் கேட்டு நடந்ததுதான். இடது பக்கம் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"நம்ம குடியிருக்கிற தாமான் கோயில்லயும் முனியாண்டி இருக்காருல்ல. அங்க கேட்டா ஆகாதா?"

"அவரு புதுசு லா. என்னைய அவருக்குத் தெரியாது."

இதற்கு மேல் என்ன பேசுவது? முகத்தைக் கழுவிக்கொண்டு, வேலைக்குப் போட்டிருந்த தடித்த ஜாக்கெட்டையே திரும்ப மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன். அவர் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கலும்பாங் ஊரைத் தாண்டி, செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே போகும் மண் ரோட்டின் கடைசியில் காரை நிறுத்தினோம். தோட்டம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களின் இடத்தில் செம்பனை நிற்கிறது. மேட்டுப்பக்கத்து ரப்பர் மரங்களை மட்டும் யாரும் தொடவில்லை. அவை தம் பாட்டுக்குக் காடாகிவிட்டன. நான் கோலசிலாங்கூர்ப் பக்கம் தென்னந்தோட்டத்தில் வளர்ந்தவள். உப்புக்காற்றும் வெட்டவெளியும் பழகிய எனக்கு, பகலிலேயே இருட்டிக் கிடக்கும் இந்தப் பால்மரக்காடு என்றைக்குமே பிடித்ததில்லை. மழை சற்றே விட்டிருந்தும் இலைகள் விடாமல் சொட்டின. குளிர் ஜாக்கெட்டுக்குள் புகுந்தது. அட்டைகள் காலணியில் ஏறிக்கொண்டேயிருந்தன. தூக்கமில்லாத கண்ணுக்கு மரங்களெல்லாம் ஒரே மரமாகத் தெரிந்தன.

அவர் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். ஒரு மரத்தில் கையை ஊன்றி, பழைய வெட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்து, "இது எங்கம்மா பால் வெட்டுன நிரை" என்றார். அடுத்த மரத்திலும் அதையேதான் சொன்னார். மூச்சு வாங்குவதை என்னிடம் மறைக்கிறார் என்று தெரிந்தும் நான் "ஓஹோ" போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சண்டை போடத் தெம்பில்லை. திரும்பிப் போகலாம் என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

முனியாண்டி மேடை ஒருவழியாகக் கிடைத்தது. நான்கு பக்கமும் செங்கல் கட்டு, பாசி படிந்து அப்படியே இருந்தது. நடுவில் கல் இல்லை. கல் இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அது நிறைய மழைத்தண்ணீர்.

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. தோட்டம் மூடியபோது ஒவ்வொரு குடும்பமும் முனியாண்டியின் காலடியில் பிடிமண் எடுத்துக்கொண்டு போனது. போகிற இடத்தில் அந்த மண்ணை வைத்துத்தான் புதுக் கோயில் எழுப்ப வேண்டும். புக்கிட் பெருந்துங் போனவர்கள் ஒரு பிடி, கலும்பாங் போனவர்கள் ஒரு பிடி, ரவாங்குக்கு நாங்கள் ஒரு பிடி. கல் கனமாச்சே, அதை யார் தூக்கப்போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்போம். அதையும் ஒருவர் தூக்கியிருக்கிறார்.

அவர் பையிலிருந்து சுருட்டை எடுத்துப் பற்றவைத்துச் செங்கல்லில் வைத்தார். கறுப்பு பீரைத் திறந்து பக்கத்தில் வைத்தார். பிறகு மஞ்சள் செவ்வந்தி ஒன்றைப் பள்ளத்துத் தண்ணீரில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பூ மிதந்தது. மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, நடுவிலேயே நின்றது.

கண்ணைத் திறந்து வெகுநேரம் அதையே பார்த்தார். "இதுல வலது எது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. செங்கல் கட்டில் உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார். "உத்தரவு இல்ல லா. செவ்வாக்கிழம வேணாம். நீ போன் போட்டுச் சொல்லிரு."

அதுவரை அடக்கிவைத்திருந்தது அத்தனையும் எனக்குள் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆளாளுக்கு வந்து அள்ளிக்கிட்டுப் போயிட்டோம். நாமளுந்தான் அள்ளுனோம். குடியிருந்த எடத்தையே தோண்டிட்டு, இப்ப வந்து உத்தரவு குடு, உத்தரவு குடுன்னா அவரு எங்கேர்ந்து குடுப்பாரு? நான் குடுக்கிறேன் உத்தரவு. செவ்வாக்கிழம போறோம். எந்திரிங்க."

"நீயா?"

"நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். கிண்டல் செய்வார், இல்லை கோபப்படுவார் என்று நினைத்தேன். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டார். அப்படி ஒரு மரியாதையான குரலில் அவர் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை.

"யோசிச்சுத்தாங்க."

நான் ஒன்றையும் யோசித்திருக்கவில்லை. எப்படியாவது அவரைக் காருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், ஒரு மணி நேரமாவது கண்ணை மூட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர் தலையை ஆட்டினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திரும்பும் வழியில் எந்த மரத்தையும் தடவிப் பார்க்கவில்லை; மூச்சு வாங்கினால் வாங்குகிறது என்று சொல்லிவிட்டே நின்றார்.

காரில் ஏறிய கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். பல மாதமாக அவர் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. எனக்குத்தான் வந்த தூக்கம் போய்விட்டது. அப்படியே ரவாங் வரை ஓட்டினேன். பூ வலது பக்கம் விழுந்து, செவ்வாய்க்கிழமை அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், முனியாண்டியை ஆயுசுக்கும் திட்டித் தீர்த்திருப்பேன். இனி அப்படி ஏதும் ஆனால், திட்டுவதற்கு என்னை விட்டால் ஆளில்லை.