முந்திக்கொண்ட அத்தியாயங்கள்

என் கதாநாயகி அழ வேண்டிய இடத்தில், வேறொருவர் எழுதிய தொடரின் கதாநாயகி முந்திக்கொண்டு அழுதிருந்தாள். அதை முதலில் பார்த்துச் சொன்னது என் கணவரின் தங்கை.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல? நீங்க முந்தாநாள் எனக்கு அனுப்பி வெச்சீங்களே, அது வேற ஒருத்தங்க தொடர்ல அப்படியே வந்துருக்குதுங்க. பேருதான் வேற."

அவள் சேவூரில் வாழ்க்கைப்பட்டவள். நான் எழுதும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வெளியிடும் முன் அவளுக்குத்தான் அனுப்புவேன். மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்து படிப்பாள். "இந்த எடத்துல அவன் அவ கையப் புடிக்கோணுமுங்க" என்று சொல்வாள். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாக இருக்கும்.

அவள் ஃபோனில் பேசியபோது நான் முதலிபாளையத்தில் எங்கள் கம்பெனியில் இருந்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தொழிற்பேட்டையில் ஒரு ஷெட். பெரிய ஏற்றுமதியாளர்கள் கொடுக்கும் பனியன் துணியை வெட்டி, தைத்து, சரிபார்த்து, மடித்து அனுப்புகிறோம். கணவர் ஆர்டர், வண்டி, ஆள் என்று வெளி வேலைகளைப் பார்ப்பார். பேக்கிங் பக்கம் என் பொறுப்பு. வேலைக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காதல் கதை எழுதுவேன்.

எழுதுவேன் என்பதைவிட, ஃபோனிடம் சொல்வேன் என்பதே சரி. நான் பேசப் பேச அது எழுத்தாகும். தையல் மெஷின்களின் இரைச்சலில் அதற்குக் காது சரியாகக் கேட்காது. "அவன் கண்களில் ஏக்கம்" என்று நான் சொன்னால் "அவன் கண்களில் பேக்கிங்" என்று விழும். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்துவேன். கதை படிக்கும் செயலி ஒன்றில் புனைபெயரில் தொடராக வெளிவரும். வாசகிகளுக்குப் பணக்கார நாயகன்தான் வேண்டும். அதனால் என் பழைய நாயகர்கள் எல்லோருமே ஏற்றுமதி அதிபர்கள். கார்க் கதவைத் திறந்துகொண்டு கோபமாக இறங்குவார்கள். நிஜ ஏற்றுமதி அதிபர்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. சர்க்கரை மாத்திரை போட நேரமாயிற்று என்று பாதிப் பேச்சில் எழுந்து போகிறவர்கள். அதனால்தான் இந்த முறை ஒரு கட்டிங் மாஸ்டரை நாயகனாக்கினேன். துணியை அடுக்கி, அளவு குறித்து, மெஷினால் வெட்டுகிற ஆள்.

அந்த நாயகனை எனக்குக் கொடுத்தவர் எங்களிடம் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா. தைத்து வரும் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை, கறை, தையல் பிசகு கண்டுபிடிப்பது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் முதலாளி மனைவி என்று என்னை அக்கா என்பார், நானும் அவரை அக்கா என்பேன். மதியச் சாப்பாட்டின்போது தன் பழைய காதலை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால், வேறொரு கம்பெனியில் இருந்தபோது நடந்தது.

"அவன் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்கா. என் டிபன் வாளிக் கைப்பிடியில ஒரு துண்டுத் துணிய முடிஞ்சி வச்சிட்டுப் போயிருவான். பச்சத் துணின்னா மேல்மாடியில நிக்கான், நீலம்னா கீழ நிக்கான். அந்தந்த மாடியில ஓடுத ஆர்டரு கலர்லா."

இப்படி ஒன்றை நானாக யோசித்துக் கண்டுபிடிக்கவே முடியாது. கேட்ட அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டேன். இப்போது அதே துணி முடிச்சு, அதே பச்சை, அதே நீலம், வேறொருவருடைய தொடரில் வந்திருக்கிறது. அந்த எழுத்தாளருக்கு ஒரு பெண் பெயர். படத்தில் முகம் இல்லை, செம்பருத்திப் பூ இருந்தது.

முதலில் எனக்கு வந்த சந்தேகம், ஃபோன் செய்து சொன்னவள் மேலேயேதான். வெளியிடாத அத்தியாயம் அவளைத் தவிர வேறு யாரிடமும் இல்லை. திருடியவளே வந்து திருட்டுப் போனதைச் சொல்வாளா என்று ஒரு மனம் கேட்டது. நம் மேல் சந்தேகம் வராமலிருக்கத்தான் சொல்லியிருப்பாள் என்று இன்னொரு மனம் சொன்னது. காதல் கதையில் நாயகியைச் சந்தேகப்படும் மாமியார்களுக்கு நான் எழுதிக் கொடுத்த வசனங்கள் எல்லாம் எனக்கே உதவிக்கு வந்தன.

கணவரிடம் சொன்னேன். அவர் டெம்போக்காரரோடு ஃபோனில் சண்டை போட்டு முடித்த கையோடு கேட்டார்.

"ஏம் புள்ள, எங்க தங்கச்சிக்கு இதுல என்ன கெடைக்கும்?"

"என்ன கெடைக்கும்னு கண்டுபுடிக்கத்தானுங்க மாமா பாக்குறேன்."

ஒரு பொறி வைத்தேன். அடுத்த அத்தியாயத்தில் நாயகனின் மணிக்கட்டில் அயர்ன்பாக்ஸ் சுட்ட தழும்பு ஒன்று இருப்பதாக எழுதி அவளுக்கு அனுப்பினேன். நான் வெளியிட்டதில் அந்தத் தழும்பு கிடையாது. செம்பருத்தி தொடரில் தழும்பு வந்தால் திருடி இவள்தான். நாள் தவறாமல் அந்தத் தொடரைத் திறந்து பார்த்தேன். நாயகன் பேருந்து நிறுத்தத்தில் மழையில் நின்றான். அவளுக்குத் தன் ஹெல்மெட்டைக் கொடுத்தான். அதுவும் அக்கா எனக்குச் சொன்னதுதான், நான் எழுதி முடித்ததுதான். தழும்பு மட்டும் வரவில்லை. நாத்தனார் மட்டும் கேட்டாள்.

"அந்தத் தழும்ப ஏனுங்கண்ணி எடுத்துட்டீங்க? நல்லா இருந்துச்சுங்களே."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சந்தேகம் அவளை விட்டுவிட்டு, என் ஃபோனுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்த கடைக்காரரிடம் போயிற்று. ரகசிய எண்ணை மாற்றினேன். என் அத்தியாயம் வந்ததும் முதல் ஆளாகப் பாராட்டு எழுதும் ஒரு வாசகியிடமும் போயிற்று. இவளுக்கு இவ்வளவு பிரியம் எதற்கு என்று யோசித்து, அவளுக்கு நன்றி சொல்வதை நிறுத்தினேன். எழுத்தும் கெட்டது. ஒரு வரி நன்றாக அமைந்தால், இது திருட்டுப் போய்விடுமே என்று மோசமாக மாற்றி எழுதினேன்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் சுடிதார் வந்தது.

கட்டிங் மாஸ்டர் அவளை அளவெடுக்காமல், கண்ணால் பார்த்த மட்டில் ஒரு சுடிதார் வெட்டித் தைத்துக் கொடுக்கிறான். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அவள் அதைத் திருத்தாமல் அப்படியே போட்டுக்கொண்டு கம்பெனிக்கு வருகிறாள். கடைசி அத்தியாயத்துக்கென்று நான் பத்திரமாக வைத்திருந்த காட்சி இது. எழுதவில்லை. நாத்தனாருக்கு அனுப்பவில்லை. ஃபோனிடம்கூடச் சொல்லவில்லை. செம்பருத்தி தொடரில் அது ஒரு விவரம் பிசகாமல் வந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது பயம். எழுதாததை எப்படித் திருட முடியும்? பேக்கிங் மேசை ஓரமாக நின்றுகொண்டே அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். பிறகுதான் தலையைத் தூக்கிச் செக்கிங் மேசையைப் பார்த்தேன். அந்தக் காட்சியை எனக்குச் சொன்ன அக்கா விளக்குக்கு அடியில் ஒரு வெள்ளைப் பனியனை விரித்துக் கறை தேடிக்கொண்டிருந்தார்.

மதியம் சாப்பிடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்தச் சுடிதார் கதைய வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"ஆமாக்கா," என்றார், ஒரு பதற்றமும் இல்லாமல். "முன்ன வேல பாத்த கம்பெனி ஸ்டோர்ல ஒரு சார் இருக்காவ. துணி, நூல், பட்டன் எல்லாம் அவுக பொறுப்பு. இப்பமும் எடைக்கிட ஃபோன் பேசுவாவ. அவுகளும் கத எழுதுதாவல்லா. பொம்பளப் பேருல."

உருட்டிய சோற்றைத் திரும்பத் தட்டில் போட்டேன்.

"நான் எழுதறது உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாமலா சொன்னேன்? கம்பெனி வேன்ல வரும்போது நம்ம பிள்ளைய எல்லாம் ஒங்க கததான படிக்கிது."

"அப்புறம் எதுக்குங்க ரெண்டு பேருகிட்டயும் சொன்னீங்க?"

"ஒருத்தர் எழுதாட்டா இன்னொருத்தர் எழுதுவாகல்லா," என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே சமயத்துல எழுதுவியன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த சாருடைய எண்ணையும் அவரே கொடுத்தார்.

அவிநாசி சாலையில் ஒரு பேக்கரியில் சந்திப்பதென்று முடிவாயிற்று. தனியாகப் போக மனம் வரவில்லை. கணவரையும் அழைத்துக்கொண்டு போனேன். "நான் எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பக்கத்து மேசையில் முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வந்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைத் தோளில் நூல் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியை இழுப்பதற்கு முன் என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா அது?"

"நீங்கதானுங்களா செம்பருத்தி?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்து மேசையில் வைத்தார். என் அத்தியாயங்கள் ஒவ்வொன்றையும் படம் பிடித்து வைத்திருந்தார். நான் தன்னிடமிருந்து எடுத்துவிட்டதாக அவர் நினைத்த இடங்களில் எல்லாம் சிவப்புக் கோடு.

"நாலஞ்சு எடத்துல நீங்கதான் முந்தி இருக்கீங்க. அது எப்படின்னுதானுங்க எனக்குப் புரியல. எம் மகன் மேலதான் சந்தேகப்பட்டேன். ஊட்டுல கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு மாத்திட்டேன். அவன் இன்னும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறான்."

நான் என் தழும்புப் பொறியைப் பற்றிச் சொன்னேன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். "நல்ல யோசனைங்க, எனக்குத் தோணலயே," என்றார். இரண்டு பேருக்கும் டீ வந்தது. ஒரே தொழில்காரர்கள் என்ற இணக்கம் கொஞ்சம் வந்ததுபோல இருந்தது. முடிவைப் பற்றிப் பேச்செடுத்ததும் அது போய்விட்டது.

"கடைசில அந்தப் பையன் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஊருக்குப் போறான், திரும்பி வரல. அதானுங்களே?" என்றேன்.

"இல்லீங்க. அந்தம்மாதான் அவனை வேண்டாமின்னு சொல்லிட்டுக் கம்பெனி மாறிட்டாங்க. எங்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க."

"எங்கிட்ட அப்படிச் சொல்லலீங்களே."

"அதச் சொல்லும்போது அழுதாங்க," என்றார். "உங்ககிட்ட அழுதாங்களாங்க?"

இல்லை என்று சொல்ல எனக்கு என்னவோபோல இருந்தது. ஒரு பெண் தன் காதலை என்னிடம் சொல்லும்போது சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார், இந்த ஸ்டோர்க்காரரிடம் அழுதிருக்கிறார். உண்மையை இவருக்குக் கொடுத்துவிட்டு எனக்கு வேறு எதையோ கொடுத்தாரா? அல்லது இவர் எழுத்தாளர் என்பதால் அழுகையை இவரே சேர்த்துக்கொண்டாரா? நானாக இருந்தால் சேர்த்திருப்பேன். அவரும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் பப்ஸைத் தின்றுவிட்டு வந்து நின்றார். "அவங்கவங்களுக்குச் சொன்னத அவங்கவங்க எழுதுங்க. இதுல என்ன பஞ்சாயத்து?" என்றார். வேறு வழி தெரியாததால் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம்.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன், எது நிஜம் என்று. அவர் ஒரு பனியனின் தோள் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் எப்பிடி முடிக்கியன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றார். சாயங்காலம் அவர் கணவர் எப்போதும்போல பைக்கில் வந்து அழைத்துக்கொண்டு போனார். வேறொரு கம்பெனியில் வேன் ஓட்டுகிற, அதிகம் பேசாத மனிதர். அவர்கள் போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்தக் கட்டிங் மாஸ்டர் என்று ஒருவன் உண்மையிலேயே இருந்தானா என்ற சந்தேகம் முதல்முறையாக அப்போதுதான் வந்தது.

என் கதையை நான் என் வழியிலேயே முடித்தேன். நாயகி அவன் ஊருக்கே போகிறாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் விசாரிக்காமலே அடுத்த பேருந்தில் ஏறித் திருப்பூர் வந்து, மறுநாள் வேலைக்குப் போகிறாள். வாசகிகள் கொதித்துப் போனார்கள். அவனை எப்படியாவது கொண்டுவந்து சேர்க்கச் சொன்னார்கள். ஸ்டோர்க்காரரின் தொடரிலும் அதே கொதிப்பு. இரண்டையும் படித்தவர்கள், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று சண்டை போட்டார்கள். நாங்கள் இருவருமே வாயைத் திறக்கவில்லை. அக்கா இரண்டு முடிவையும் படித்தார் என்று தெரியும். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றதோடு சரி. அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

கெட்டது வேறொரு பக்கம் நடந்தது. கணவர் தங்கையோடு ஃபோனில் பேசும்போது, ஒரு வேடிக்கையாக நினைத்துக்கொண்டு, "உன்னையப் போயி உங்கண்ணி திருடின்னு நெனச்சுட்டா பாரு" என்று எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்துவிட்டார். நான் ஓடிப்போய் ஃபோனை வாங்கினேன். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அதுக்குத்தானுங்களா அந்தத் தழும்பு?"

"அப்படி இல்ல கண்ணு, எனக்கு அப்ப யாருன்னே…"

"பரவால்லீங்கண்ணி. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், வெச்சர்றனுங்க."

அதன் பிறகு அத்தியாயம் அனுப்பினால், பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு மட்டும் விழும். பதில் வராது. கொஞ்ச நாளில் நானும் அனுப்புவதை நிறுத்தினேன்.

ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு அவள் வந்திருந்தாள். சமையலறையில் இரண்டு பேரும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். அவளாகவே பேச்செடுத்தாள்.

"அந்தக் கதைய முடிச்சுட்டீங்களாட்டம் இருக்குது."

"படிச்சியா?"

"படிச்சனுங்க. அவ யாரையும் கேக்காம திரும்பி வந்தது நல்லா இருந்துச்சு. ஆனா அந்தப் பக்கத்து ஊட்டுக்காரங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டேன், அனுப்பட்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவள் துருவிய தேங்காயை என் கிண்ணத்தில் தட்டிவிட்டு, இன்னொரு மூடியை எடுத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை.