விளக்கு வைத்த நேரத்தில் வந்த கடற்கொள்ளையர்கள்

மைசூருக்குக் குடிவந்த பிறகு என் மகளுக்குச் சிநேகிதி என்று ஒருத்திகூட இல்லை. கடற்கொள்ளையர்களாக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஒரு விளையாட்டுக்கு ஆள் சேர்க்க, கூச்சத்தை விட்டு வகுப்பில் ஒவ்வொருத்தியாகக் கேட்டிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்று பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

நான் பூஜையறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் கேப்டனாக நடித்த என் மகள் சிரித்துக்கொண்டே கத்தினாள்: "கப்பலைக் கொளுத்துங்கடி! ஒருத்தரையும் உயிரோட விடாதீங்க!"

எனக்குப் பகீரென்றது. ஓடிப்போய், "விளக்கு வெச்ச நேரத்துல வீட்டுல பேசற பேச்சா இது? எழுந்திருங்க மொதல்ல!" என்றேன்.

"ஆட்டா அஷ்டே ஆண்ட்டி, சும்மா விளையாட்டுதான்" என்றாள் ஒருத்தி, கன்னடமும் தமிழுமாக. நான் வாசலைக் காட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மகள் பகடைகளைப் பொறுக்கியபடி கேட்டாள்: "நான் இவ்ளோ சத்தமா சிரிச்சு நீ கேட்டிருக்கியாம்மா?"

கேட்டதில்லை.

மறுவாரம், "அவங்களைக் கூப்பிடும்மா, கேசரி செய்யறேன்" என்றேன்.

"வேற வீட்டுல ஆடறாங்கம்மா. வேற கேப்டன் கிடைச்சுட்டா."

வெள்ளிதோறும் அந்த விளக்கின் முன் நான் அம்பாளிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: என் பெண்ணுக்கு நல்ல சிநேகிதிகள் வேண்டும். அம்பாள் அனுப்பித்தான் வைத்தாள். நான்தான் துரத்திவிட்டேன்.