என் பெயர் போட்ட பயிற்சித்தாள்கள்

நான் ஒரு திருடி. வசந்தி எழுதிய நாற்பது பயிற்சித்தாள்களை என் பெயரில் இணையத்தில் ஏற்றினேன். அதனால் அவள் வேலை போயிற்று. போனபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பரிதாபப்பட யாரும் தயாராக வேண்டாம். உங்களையும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை... படித்து முடித்ததும் "சே, இப்படியும் ஒரு டீச்சரா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போகிறவர்தானே நீங்கள்?

காட்டூரில் ஒரு தனியார் பள்ளி. ஐந்தாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு நான் தமிழாசிரியை, 'பி' பிரிவுக்கு வசந்தி. எனக்குப் பதினான்கு வருட சர்வீஸ். அவள் வந்து இரண்டே வருடம், பணி நிரந்தரமாகவில்லை.

ஐந்தாம் வகுப்புத் தமிழுக்கு வலையில் என்ன கிடைக்கும் என்று தேடிப் பார்த்திருக்கிறீர்களா? ஆங்கிலத்துக்கு வண்டி வண்டியாகக் கொட்டிக் கிடக்கும். தமிழுக்கு அதே பொங்கல் கட்டுரை, அதே 'மரம் வளர்ப்போம்', அதுவும் எழுத்துப்பிழையோடு. வருடக்கணக்கில் நான் அதைத்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நானும்தான்.

வசந்தி தானே எழுதினாள், ஒரு நோட்டில், பென்சிலால். அரியமங்கலம் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள் ஒரு சிறுமி. பட்டறைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அப்பாவும் மகளும் கைச்சாடையிலேயே பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் பாடம். கீழே ஐந்து கேள்விகள். கடைசிக் கேள்வி, 'அப்பா சாடையில் என்ன சொல்லியிருப்பார்? உன் சொற்களில் எழுது.' வருடம் முழுக்க வெற்றுத் தாளை நீட்டிய பிள்ளைகள்கூட அதற்கு அரைப் பக்கம் எழுதினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவளுக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. "அக்கா, இத மட்டும் அடிச்சுக் குடுத்துடுங்களேன்" என்று வெள்ளிக்கிழமைதோறும் நோட்டை நீட்டுவாள். அடித்துக் கொடுப்பேன். இரண்டு பிரிவுக்கும் ஒரே தாள். கோப்புகள் எல்லாம் என் லேப்டாப்பில் இருந்தன, நோட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

ஆசிரியர்கள் பாடப்பொருள்களைப் பகிர்ந்துகொள்ளும் தளம் ஒன்று உண்டு. ஏற்றும்போது 'தயாரித்தவர்' என்று ஒரு கட்டம் வரும். முதல் தடவை யோசிக்காமல்தான் என் பெயரை அடித்தேன்... இல்லை, பொய். யோசித்தேன். நன்றாக யோசித்துத்தான் அடித்தேன். சேலத்திலிருந்து ஓர் ஆசிரியை, "அருமை டீச்சர், எங்க பிள்ளைங்க ரசிச்சுப் படிச்சாங்க" என்று எழுதினார். பதினான்கு வருடத்தில் என்னிடம் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! அதன்பிறகு வாரம் தவறாமல் ஏற்றினேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். பணி நிரந்தரமாக்குமுன், சொந்தமாகத் தயாரித்த பாடப்பொருளைக் காட்ட வேண்டும். தலைமையாசிரியை அதிலிருந்து ஒரு வரியை எடுத்து வலையில் தேடுவார். வலையில் இருந்தால் காப்பி. அவருக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான். மூத்த ஆசிரியை என்று என்னையும் உடன் உட்கார வைப்பார்கள்.

வசந்தி அந்த நாற்பது தாள்களையும் கொண்டுவந்து வைத்தாள். மேடம் தேடினார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு தாளிலும் என் பெயர் இருந்தது.

"இல்ல மேடம், நான்தான் எழுதினேன். எங்கப்பாதான் அந்த லேத்துல இருந்தாங்க. கையால எழுதின நோட்டு அக்காகிட்டதான் இருக்கு. அக்கா, சொல்லுங்கக்கா."

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கொழுக்கட்டை இருந்திருந்தாலும் தேவலையே... வாயைத் திறந்து, "என்கிட்ட எந்த நோட்டும் இல்ல மேடம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்த நோட்டு இன்றும் என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

"சீனியர் டீச்சரோட ஒர்க்க எடுத்து அவங்க முன்னாடியே காட்டுறீங்களே" என்றார் மேடம். வசந்தி அழவில்லை. என்னையே பார்த்தாள். அடுத்த வாரம் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, தெரியுமா? எதற்காக என்னை நம்பினாள்? ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியாதா? ஏன் என் வீட்டு வாசலில் வந்து நின்று நாலு கேள்வி கேட்கவில்லை? கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு திட்டியிருப்பேன். கணக்கு நேராகியிருக்கும்... ஆகியிருக்குமா? எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. வெட்கங்கெட்டவள்!

போன மாதம் ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரம் பஸ் நிறுத்தத்தில், எதிரே வந்து நின்றாள். பக்கத்தில் அவள் மகள். எனக்குத் திரும்பிப் போக இடமில்லை.

"நல்லாருக்கீங்களாக்கா?" என்றாள். துவாக்குடியில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறாளாம். பிறகு மகள் தலையில் கை வைத்து, "இவ அஞ்சாவது வந்துட்டா. இவ ஸ்கூல்ல நெட்ல இருந்து எடுத்து அந்த லேத் பாடத்தக் குடுத்திருக்காங்க. யாரு எழுதினதும்மான்னு கேட்டா. கீழ பேரு போட்டிருக்கே, அவங்கதான்னு சொல்லிட்டேன். இந்த மிஸ்தாம்மா அவங்க" என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பெண் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"மிஸ், எங்க தாத்தாவ உங்களுக்குத் தெரியுமா?"

நான் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. வசந்தி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும்மா" என்றேன்.

சத்திரம் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.