பஸ் என்றால் எல்லோருக்கும்: சத்திரம் முதல் ஸ்ரீரங்கம் வரை

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா தூங்கினால்தான் கை ஓய்கிறது.

திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போகிறேன். அலுவலகம், குழந்தைகள் காப்பகம் இரண்டுமே ஸ்ரீரங்கத்தில். ஒன்றரை வயது மகளோடு தினமும் பஸ்ஸா? "ஆட்டோ வச்சுக்க" என்கிறார் கணவர். போக மட்டும் இருநூறு ரூபாய். பஸ்தான் என்று முடிவெடுத்து, இன்று ஒத்திகை பார்த்தேன்.

காலை 8.10, சத்திரம் பேருந்து நிலையம். ஏகக் கூட்டம். இடம் பிடிக்க ஜன்னல் வழியாகப் பையைப் போடுவோமே, நான் பிள்ளையையே கொடுத்துவிட்டேன். உள்ளே கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கீரைக்கார அம்மா கை நீட்டினார். "குடும்மா, நீ ஏறி வா." நான் படிக்கட்டுக்குப் போவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

கத்திக்கொண்டே ஓடினேன். கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தினார். "ஏம்மா, லேடீஸுக்கு டிக்கெட்தான் ஃப்ரீ. பிள்ளைய தனியாவா அனுப்புவீங்க?" பஸ்ஸே சிரித்தது.

ஏறியது பின்வாசலில், பிள்ளை இருந்தது முன்னால். காவிரிப் பாலம் முழுக்க ஆட்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நகர்ந்தேன். மாம்பழச் சாலையில் கீரைக்கார அம்மா இறங்குவது தெரிந்தது, கையில் கூடை மட்டும். எனக்கு உயிரே போய்விட்டது. போய்ப் பார்த்தால், பாப்பா ஒரு கல்லூரிப் பெண்ணின் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள்.

"அக்கா, இவ அழவே இல்ல. நீங்கதான் அழுறீங்க."

வீட்டுக்கு வந்து 'பஸ்' என்ற சொல்லைத் தேடினேன். 'ஆம்னிபஸ்' என்பதன் வாலாம். லத்தீனில் 'எல்லோருக்கும்' என்று பொருள். பிரான்சில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு வைத்த பெயர்; ஆங்கிலத்துக்கு வந்தபின் தலை போய் வால் நின்றது. பொறியியல் படித்தபோது, கணினிக்குள் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான கம்பித்தடத்தையும் 'பஸ்' என்றுதான் எழுதினோம். ஏன் அந்தப் பெயர் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. கைமாறிக் கைமாறி என் பிள்ளை பத்திரமாக வந்த பிறகுதான் கேட்கிறேன்.

குழந்தையோடு போகிறவர்களுக்கு: ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், எனக்கு 25 நிமிடம் ஆனது. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, தனியார் பஸ்ஸில் உண்டு. ஜன்னல் பைக்கு மட்டும். பிள்ளை இடுப்பிலேயே இருக்கட்டும். ஏறிய பிறகு மடியில் வாங்கிக்கொள்ள யாராவது கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

பயம் போகவில்லை. ஆனாலும் திங்கள் பஸ்ஸில்தான். காலை எட்டு மணி வாக்கில் சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிறவர்கள், எந்த பஸ்ஸில் கூட்டம் குறைவு என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.