லபோரிக்குப் பதிலாகப் போனவர்

விகுரூ சார்ஜென்ட் எந்தப் போரில் காலை இழந்தார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் மோந்த்ரசாக்கில் கேள்வியே வேறு. போனது யாருடைய கால் என்பதுதான் இங்கே முப்பது வருட வழக்கு. நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். ஊர் மன்றத்து எழுத்தரும் நானே; இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரு ஆள் சம்பளம்கூடக் கிடையாது. வழக்கின் தாள்கள் எல்லாம் என் கை வழியாகப் போனவை என்பதால், சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

அந்தோனன் விகுரூவும் ஜெரோ லபோரியும் ஒரே வருடம் பிறந்தவர்கள். விகுரூ வீட்டில் நான்கு ஆடுகளும் ஒரு விதவைத் தாயும். லபோரி வீட்டில் மலைச்சரிவு முழுக்க மாடு. இருபது வயதில் இருவரும் ஊர் வழக்கப்படி பட்டாளச் சீட்டு எடுக்கப் போனார்கள். சின்ன எண் வந்தால் ஏழு வருடம் பட்டாளம், பெரிய எண் வந்தால் வீடு. விகுரூவுக்கு எண்பத்தொன்று. சீட்டைத் தொப்பியில் குத்திக்கொண்டு தெருவெல்லாம் ஆடினார். லபோரிக்கு ஏழு. அவன் அங்கேயே வாந்தி எடுத்தான். காலையில் தின்ற பன்றிக்குடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்றைக்கும் சொல்வான்.

வசதி உள்ளவன் தன் இடத்தில் வேறொருவனை அனுப்பலாம் என்று அந்தக் காலத்துச் சட்டம் இடம் கொடுத்தது. லபோரியின் அப்பா பத்திரம் எழுதும் நோட்டரியைக் கூட்டிக்கொண்டு விகுரூ வீட்டுக்குப் போனார். ஒரு ஜோடி எருது, ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் என்று பேச்சு. தாய் அழுதாள், எருதுகளைப் பார்த்தாள், மறுபடியும் அழுதாள். எண்பத்தொன்று எடுத்தவர் ஏழாம் நம்பருக்காகப் புறப்பட்டுப் போனார்.

அவரைக் கிரிமியாப் போருக்கு அனுப்பினார்கள். ஒரு செப்டம்பர் எட்டாம் தேதி செபஸ்தபோல் கோட்டைச் சுவரில் முதலில் ஏறியவர்களில் அவரும் ஒருவர். ஏறிய கால் இரண்டு, திரும்பி வந்தது ஒன்று. மார்பில் பதக்கம், இடது பக்கம் மரக்கால், சட்டைக்கையில் சார்ஜென்ட் பட்டி என்று ஊர் வந்து சேர்ந்தார். புகையிலைக் கடை வைத்துக்கொள்ள அரசாங்கம் உரிமை கொடுத்தது.

லபோரி அன்று பன்றி அடித்துப் பெரிய விருந்து வைத்தான். விகுரூவுக்காக என்று நினைத்துத்தான் எல்லோரும் போனார்கள். விருந்தின் நாயகன் தானே என்பதை அவன் இரண்டாவது கோப்பையில் சொன்னான்.

"அங்க நின்னது சட்டப்படி நான்தானே? பத்திரத்துல என்ன எழுதியிருக்கு, லபோரிக்குப் பதிலான்னுதானே?"

"சுவத்துல ஏறுனது நான்டா," என்றார் விகுரூ.

"ஏறுனது நீதான், யார் இல்லேன்னா? யாருக்காக ஏறுனேன்னுதான் கேக்குறேன்."

"அப்போ இந்தக் காலு?"

"அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. என் காலு இல்லையா அது?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். அதோடு நிற்கவில்லை. வருடா வருடம் செப்டம்பர் எட்டாம் தேதி லபோரி நொண்ட ஆரம்பித்தான். முதல் வருடம் ஊர் சிரித்தது. ஐந்தாவது வருடம் உட்கார நாற்காலி எடுத்துப் போட்டது. பத்தாவது வருடம் கிழவிகள் சிலர் அவன் முட்டிக்குத் தைலம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரண்டு கால்களும் முழுசாக உள்ளவனுக்குத் தைலம். மரக்கால்காரருக்கு ஒரு சொட்டும் இல்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரமாக வருகிறது. விகுரூவை அவர் என்றும் லபோரியை அவன் என்றும் நான் எழுதுவதிலேயே நான் யார் கட்சி என்பது தெரிந்திருக்கும்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்காம் வருடம் மன்றத் தேர்தல் வந்தது. ஒருநாள் விகுரூ கடையில் எனக்கு மூக்குப்பொடி நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"வாத்தியாரே, நான் மேயருக்கு நிக்கப்போறேன்."

"அதுல என்ன இருக்கு சார்ஜென்ட்? தலைவலிதான் மிச்சம்."

"எனக்குன்னு ஒண்ணு வேணும். காலும் அவனுதுங்கறான், பதக்கமும் அவனுதுங்கறான். மேயர் கட்டிக்கிற மூவர்ணப் பட்டை இருக்கே, தங்கக் குஞ்சம் வெச்சது, அதை ஒரு தடவை என் பேர்ல கட்டிக்கணும். யாருக்கும் பதிலா இல்ல. அவ்வளவுதான்."

மறுநாளே லபோரியும் நின்றான். செபஸ்தபோல் வீரனுக்கே உங்கள் ஓட்டு என்று இரண்டு பேரும் பிரசாரம் செய்தார்கள். ஒரே வீரத்துக்கு இரண்டு வேட்பாளர். பத்துப் பேர் கொண்ட மன்றத்துக்கு இருவரும் தேர்வானார்கள். மேயரை அந்தப் பத்துப் பேர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டுப்பெட்டி இல்லாததால் என் மனைவியின் சூப்புப் பாத்திரத்தில்தான் சீட்டுப் போடுவது வழக்கம். முதல் சுற்று ஐந்துக்கு ஐந்து. இரண்டாவது சுற்றும் அதேதான். மூன்றாவது சுற்றும் அப்படியே வர, பாத்திரம் எப்போது திரும்பும் என்று என் மனைவி கேட்டனுப்பினாள்.

மூன்று முறையும் சமமானால் வயதில் மூத்தவர் மேயர் என்பது சட்டம். பிறப்புப் பதிவேட்டை எடுத்து வந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்று கொடுக்காத பூசாரி நான். லபோரி, மார்ச் பதினொன்று, இரவு ஒன்பது மணி. விகுரூ, மார்ச் பன்னிரண்டு, விடியற்காலை இரண்டு மணி. ஊருக்கு ஒரே மருத்துவச்சி. முதலில் பெரிய வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

விகுரூ பதிவேட்டை வெகுநேரம் பார்த்தார். "பொறக்கும்போதே அவனுக்கு வழி விட்டுட்டு நின்னிருக்கேன் பாருங்க," என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேயரானதும் லபோரி நடத்திய முதல் கல்யாணம் எங்கள் ஜில்லா முழுக்கப் பிரசித்தம். பட்டையைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் முன்னால் நின்றதும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. படிக்க வேண்டிய சட்ட வாசகம் கையிலேயே இருந்தது. நாற்பது வருட மாட்டுச் சந்தைப் பழக்கம் வாயில் வந்து நின்றது. மணப்பெண்ணை மேலும் கீழும் பார்த்து, "கொஞ்சம் நடக்க விடு, பாப்போம்," என்றான். பெண்ணின் அண்ணன் கொடுத்த அறையில் பட்டையின் குஞ்சம் ஒன்று அறுந்தது.

அன்று சாயங்காலமே புகையிலைக் கடைக்கு வந்தான்.

"டேய் அந்தோனன், நீதான் துணை மேயர். இந்த வேலையெல்லாம் நீ பாத்துக்கோடா."

"உனக்குப் பதிலாவா?"

"வேற யாருக்கு?"

பட்டை கட்டவே கிடைக்காமல் போவதைவிட இது மேல் என்று அவர் ஒத்துக்கொண்டார். துணை மேயர் பட்டைக்கு வெள்ளிக் குஞ்சம். ஐந்து வருடம் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணம் செய்து வைத்தார், சாவு பதிந்தார், ஊர்ச் சதுக்கத்துக்கு ஒரு குழாய்க் கிணறு கேட்டு ஜில்லா அதிகாரிக்கு நாற்பத்தொரு மனு எழுதினார். கிணறு அனுமதியானதும் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது தான்தான் என்று லபோரி சொன்னான்.

அந்த இலையுதிர் காலத்தில் லபோரிக்கு மார்புச் சளி முற்றியது. பாதிரியார் வந்து கடைசி எண்ணெய் பூசினார். சவப்பெட்டிக்குத் தச்சன் அளவெடுத்தான். படுக்கையில் இருந்தபடியே அவன் பதவி விலகல் கடிதத்தில் கையெழுத்தைக் கீறினான். மீதி ஒன்பது பேரும் கூடினோம்; அதாவது அவர்கள் கூடினார்கள், நான் பாத்திரம் கொண்டுபோனேன். ஒன்பது சீட்டிலும் விகுரூ என்றே இருந்தது. தங்கக் குஞ்சப் பட்டையை அவர் தோளில் போட்டவன் நான்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டுவிட்டார்.

நவம்பர் பதினொன்று, கிணற்றுத் திறப்பு விழா. மழையும் பனிக்கட்டியும் கலந்து சாய்வாக அடித்தது.

"கம்பளியைப் போட்டுக்கோங்க சார்ஜென்ட்," என்றேன்.

"போட்டா பட்டை தெரியாது."

"ஊரே வீட்டுக்குள்ள கெடக்கு. யாரு பாக்குறா?"

"நான் பாக்குறேன், வாத்தியாரே."

இரண்டு மணி நேரம் பேசினார். கேட்டது நானும் நனைந்த இரண்டு வாத்துகளும். அன்று இரவே காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் போய்விட்டார். அதே வாரத்தில் லபோரி எழுந்து உட்கார்ந்து, உப்புக்கண்டம் போட்ட கோஸ் சூப்பு கேட்டான்.

சாவுப் பதிவுக்குச் சாட்சியாகக் கையெழுத்துப்போட அவனே தடியூன்றி மன்றத்துக்கு வந்தான். இந்தச் சாவையும் தன்னுடையது என்பான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதி முடித்துப் பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"படிங்க."

படித்தேன். அந்தோனன் விகுரூ, அறுபது வயது, மோந்த்ரசாக் மேயர்.

"என் பேரை அதுல எங்கயும் போடாதீங்க. அது அவன் தாளு."

"சாட்சி வேணுமே, ஜெரோ."

"எண்ணெய் பூசிப் படுக்க வெச்சது என்னை. அளவெடுத்தது என்னை. சாவுச் சீட்டு என் பேர்லதான் விழுந்துச்சு." பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தத் தடவ போகச் சொல்லி நான் அவனைக் கேக்கவே இல்லையே, வாத்தியாரே."

அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சாட்சிக்குக் கொல்லனைக் கூப்பிட்டு அனுப்பினேன்.