பாதிக் கட்டில்

அந்த அறையில் ஆறு கட்டில்கள். படுத்தவர்கள் ஏழு பேர். ஏழாவது ஆள் எங்கே படுத்தார் என்று கேட்டால் பதில் எளிது: ஆறாவது கட்டிலின் பகல் இஸ்திரிக்கு, இரவு வெங்காயக்காரருக்கு. ஒரு கட்டிலின் வாடகையை இருவரும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள்.

ஓட்டல் சலவைப் பிரிவில் இரவு முழுக்கப் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பவர் என்பதால் இஸ்திரிக்கு அந்தப் பெயர். வெளிநாடு வந்த புதிதில், டீக்கடை வாசலில் நின்று ஒரு டீயின் விலையை ஊர்ப் பணத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டுக் குடிக்காமலே திரும்பியவர். பெருக்கிப் பார்த்துத்தான் முடி வெட்டும் கடையையும் விட்டார். கத்தரிக்கோலை வாங்கி அறையிலேயே வைத்துக்கொண்டார். பேருந்தை விட்டு நடந்தார். கடைசியில் பெருக்கிப் பார்க்க மிச்சம் இருந்தது தூக்கம் ஒன்றுதான். அதையும் பாதியாக்கிக்கொண்டார். மனைவியிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. "தனிக் கட்டிலா, நல்லா படுக்கறீங்களா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "ராஜா மாதிரி" என்பார்.

வெங்காயக்காரர் காய்கறிச் சந்தையில் வெங்காய மூட்டை தூக்குபவர். காலையில் இஸ்திரி படியேறும்போது அவர் இறங்குவார். மங்கலான அந்தப் படிக்கட்டில்தான் மூன்று வருஷப் பழக்கமும்.

"அடுப்ப அணைக்காம வந்திருக்கேன், போங்க" என்பார் வெங்காயக்காரர்.

மெத்தையில் கை வைத்தால் சூடு இருக்கும். இரவெல்லாம் சூட்டோடு புழங்கும் கை அது. எந்தத் துணி எப்போது தேய்ப்புப் பெட்டியை விட்டு வந்தது என்று அதற்குத் தெரியும். ஆனாலும் இந்தச் சூட்டில் படுத்தால் மட்டும்தான் தூக்கம் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் கிண்டல் செய்வார்: "ஒரே மெத்தை, ஒரே தலையணை. தாலி ஒண்ணுதான் பாக்கி."

ஒரு நாள் வெங்காயக்காரர் சந்தையில் மூட்டையோடு சரிந்தார், எழவில்லை. அடையாளம் விசாரிக்க வந்த போலீஸ்காரர், "அவருக்கு மீசை உண்டா?" என்று கேட்டபோது இஸ்திரிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மனிதனின் சூட்டை அறிந்து முகத்தை அறியாமல் இருந்திருக்கிறோம் என்பது அவரை அன்று முழுவதும் அரித்தது.

அறையில் ஒரு சட்டம் உண்டு. வாடகையை மாத முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவர் ஊருக்குப் போனாலும் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் மாதம் முடியும்வரை அவர் இடத்தை யாரும் தொடக்கூடாது. எல்லோருக்கும் மூத்தவரும் பணம் வசூலிப்பவருமான வசூல் மாமா இதில் கறார்.

"காசு கட்டினவன் இடம். மாசம் முடியட்டும்" என்றார் மாமா.

ஆக, செத்தவருக்கு இரவுகள் பாக்கியிருந்தன. கட்டில் இரவெல்லாம் காலியாகக் கிடந்தது. காலையில் வந்து கை வைத்தால் சில்லென்றிருக்கும். இஸ்திரி சுவரைப் பார்த்துக் கிடப்பார்.

அடுத்த மாதம் பிறந்தால் முழுக் கட்டில் வாடகையும் அவர் தலையில். அப்படியானால் நர்சிங் கடைசி வருஷத்தில் இருக்கும் மகளின் கட்டணம் போகாது. பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். பாதிக்கு ஆள் தேடினார். விஷயம் தெரிந்தவர்கள் கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நழுவினார்கள்.

தெரியாத ஒருவர் வந்தார். பகலில் கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் பெயின்டர்.

"இன்னிக்கே வேணும் அண்ணே. இல்லன்னா வேற ரூம்ல சொல்லியிருக்காங்க, போயிடுவேன்."

"ஒண்ணாந்தேதி வாங்களேன் தம்பி."

"அதுவரைக்கும் ரோட்லயா படுக்கறது? மிச்ச நாளுக்கும் சேர்த்துக் காசு தரேன்."

இஸ்திரி வசூல் மாமாவைப் பார்த்தார். மாமா குழம்பைக் கிண்டியபடியே, "உன் கட்டில், உன் பாடு. அவன்கிட்ட நீயே சொல்லிக்க" என்றார்.

"எவன்கிட்ட மாமா?"

மாமா குழம்புச் சட்டியை மூடினார்.

இஸ்திரி பணத்தை வாங்கிக்கொண்டார். ஒருவர் ஏற்கெனவே விலை கொடுத்து வைத்திருந்த இரவுகளை இன்னொருவருக்கு விற்றோம் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் காலை வேலை முடிந்ததும் அறைக்குப் போகாமல் பணம் அனுப்பும் கடைக்குப் போய், அதை மகளின் கல்லூரிக்குச் செலுத்தினார். அங்கிருந்தே ஓட்டலுக்குத் திரும்பி, லீவு போட்டவருடைய பகல் வேலையையும் தன் இரவு வேலையையும் சேர்த்துப் பார்த்தார்.

அதற்கடுத்த காலையில் பெயின்டர் படிக்கட்டில் அவரை நிறுத்தினார்.

"அண்ணே, நேத்து ரொம்ப லேட்டா எழுந்தீங்களோ?"

"ஏன்?"

"சாயங்காலம் நான்தான் முதல்ல வந்து பூட்டத் திறந்தேன். படுத்தா மெத்தை அப்படிச் சுடுது. யாரோ அப்பத்தான் எழுந்து போன மாதிரி."

நேற்றுப் பகல் அந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை. வெயில் பட்டுச் சூடேறியது என்று சொல்ல அறைக்கு ஜன்னலும் கிடையாது.

பெயின்டர் அவர் முகத்தையே பார்த்தார். "வேற யாராச்சும் அதுல படுக்கறாங்களா? உள்ளதச் சொல்லுங்க. அப்படின்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

உண்மையைச் சொன்னால் பெயின்டர் போய்விடுவார். அவரோடு அடுத்த மாதத்துப் பாதி வாடகையும் போகும்.

"வேற யாரு? நான்தான் தம்பி. உடம்பு சரியில்ல, அசந்துட்டேன்."

"அதானே பார்த்தேன். ராத்திரி நல்லாத்தான் தூங்கினேன் போங்க" என்று பெயின்டர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அறையில் காய்ச்சலுக்கு லீவு போட்ட வசூல் மாமா மட்டும் இருந்தார். இஸ்திரி கட்டிலருகே நின்றார். மெத்தையில் கை வைக்கவில்லை. சூடாக இருந்தால் அது பெயின்டருடையதாகவே இருக்கலாம். ஆனால் நிச்சயமாகச் சொல்ல இனி அவரால் முடியாது. விற்ற இரவை மீட்க வழியில்லை, காசு கல்லூரியில் சேர்ந்துவிட்டது. வெங்காயக்காரருக்குக் கொடுக்க அவரிடம் மிஞ்சியிருந்தது தன் பகல்தான்.

விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். தலையணையைத் தட்டி வைத்தார். பிறகு தரையில் பழைய லுங்கி ஒன்றை விரித்து, கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்தார்.

"கட்டில் சும்மாத்தானேய்யா கிடக்கு. ஏன் தரையில?" என்றார் மாமா.

"மாசக் கடைசி வரைக்கும்தான் மாமா."

மாமா கட்டிலைப் பார்த்தார். போர்வையை விலக்கி எழுந்து, சத்தமில்லாமல் நடந்து வந்து, விளக்கை அணைத்தார்.