மஃறூப் காக்காவின் இசைத்தட்டுகள்

போன கிழமை கல்முனையில் கண் டொக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். பக்கத்திலிருந்த பெண்ணின் கைப்பேசி ஒலித்தது. வயலின்கள் தாழ்வாக முனகி மெல்ல மேலேறுகிற ஒரு துண்டு இசை. "புள்ள, இது பின்லாந்துக்காரர் ஒராள்ட இசையெல்லுவா?" என்று கேட்டுவிட்டேன். "தெரியா அப்பா, போனோட வந்த" என்றாள். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள். அதனால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சாய்ந்தமருதில் நான் புது வாத்தியார். ஆங்கில இலக்கணத்தை மாணவர்களைவிட ஒரு பாடம் மட்டும் முந்திப் படித்துக்கொண்டிருந்தேன். மஃறூப் காக்கா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், எனக்கு அண்ணன் மாதிரி. அதே பாடசாலையில் கணக்குப் படிப்பித்தார். கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த மனிதர் ஊர் திரும்பும்போது தன் கிராமபோனையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் காக்காவிடம் விட்டுப்போனார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தின்று, காக்கா வீட்டில் கூடுவோம். நான், மருதமுனையில் தறி வைத்திருந்த சீனி முகம்மது, இன்னும் ஓரிருவர். உள்ளறைத் திரைக்குப் பின்னால் காக்காவின் மனைவி றைஹானா ராத்தா. கிராமபோனுக்கு விட்ட தையல் மெஷின் எண்ணெயும் ராத்தாவின் இஞ்சித் தேத்தண்ணியும் கலந்து மணக்கும். இன்றைக்கும் தையல் கடையைக் கடந்தால் எனக்குத் தேத்தண்ணி விடாய்க்கிறது.

தட்டைப் போடுமுன் இசையமைத்தவரைக் காக்கா அறிமுகம் செய்வார்; அந்தப் பின்லாந்துக்காரரையும் அப்படித்தான் அறிந்தோம். இன்னொருவரைப் பற்றி இப்படிச் சொன்னார்: "இவர் ராசாமாருக்கு வாசிச்ச பழைய காலத்து ஆளில்ல. நம்மட காலத்து மனிசன். யுத்தத்தில ஊர உட்டுப் போனவர். அதான் இப்பிடி இடிச்சி ஒடைக்கார். கொஞ்சம் பொறுங்க, பொறகு அழுவார்."

"தறி ஒடைஞ்ச மாதிரி இரிக்கி காக்கா" என்றார் சீனி முகம்மது. சில மாதங்களில் அதே தட்டைத்தான் கேட்டுக் கேட்டுப் போடச் சொன்னார். நானோ விளங்காமலே தலையாட்டினேன். பிறகு எப்போதோ தலை தானாக ஆடத் தொடங்கியது.

அப்போதுதான் காக்காவுக்கு இருமல் வந்தது. சளியில் இரத்தம். கசநோய் என்றார்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் புது ஊசி ஏற்றினார்கள். உயிரோடு வந்தார், ஆனால் அந்த ஊசியால் காது ஒன்றும் கேட்கவில்லை.

"காதுக்க இரையுதெண்டு சொன்னவர்" என்றார் ராத்தா திரைக்குப் பின்னாலிருந்து. "ஊசிய நிப்பாட்டினா ஆள் தப்பமாட்டாரெண்டு டொக்டர் சொன்னார். இவர் என்னையே பாத்தார். நான்தான் போடச் சொன்னன்."

ஊர் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமையும் காக்கா எங்களைக் கூப்பிட்டார். பின்லாந்துக்காரரின் தட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். குரலின் அளவு தெரியாமல் உரத்துச் சொன்னார்: "இப்ப வயலினெல்லாம் அடங்குது. இனிக் கொம்புகள் வரும். கேளுங்க."

கொம்புகள் வரவில்லை. ஊசி ஒரு கீறலில் சிக்கி, அதே இடத்தைத் திருப்பித் திருப்பி அரைத்தது. ஒருவரும் எழும்பவில்லை. காக்கா கையால் காற்றை அளந்தபடி இருந்தார். அவருக்குள் எல்லாம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது; முகம் நனைந்திருந்தது. சீனி முகம்மது குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

ராத்தா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். எங்கள் முன் அவர் வந்தது அதுதான் முதல்தடவை. ஊசியைத் தூக்கிவிட்டுக் காக்காவின் தோளைத் தொட்டார்.

காக்கா கண்ணைத் திறந்தார். "முடிஞ்சிட்டா? நல்லா இருந்திச்சா?"

எல்லோரும் தலையாட்டினோம். சீனி முகம்மது எழுந்து கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

அதன்பிறகும் காக்கா இருக்கும்வரை நாங்கள் கூடினோம். ராத்தா கிராமபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

காக்கா மௌத்தான பின், ஒரு தட்டையாவது போட்டுக் கேட்போமா என்று ராத்தாவிடம் கேட்டேன். "அவருக்கு இனிக் கேக்காதது இந்த ஊட்டுல ஆருக்கும் கேக்கத் தேவல்ல" என்றார். கிராமபோனைச் சேலையால் மூடி அறைக்குள் வைத்துவிட்டார்.

சுனாமி வந்த காலையில் அந்த வீட்டோடு எல்லாம் போனது. ராத்தாவை மட்டும் கண்டெடுத்து அடக்கினோம்.